ரப்பரும் பிளாஸ்டிக்கும் உமிழும் மங்கல் ஒளியை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரப்பர் ஷீட், மழைக்கு முன் ரப்பர் மரத்தில் ஒட்டும் ரெயின் கார்டு பாலித்தீன், உரச்சாக்கின் பாலிபுரோப்பிலீன் நாடா, குளச்சல் கரையில் காயும் நைலான் வலை ஆகியவை கெடுவதில் ஒரு பொதுவான காரணம் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் பாலிமர் சங்கிலியைத் தாக்குகிறது. அந்த வினை நடக்கும்போது மிகக் கொஞ்சம் ஒளியும் வெளிப்படுகிறது. இருட்டறையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்து கண்ணைப் பழக்கினாலும் அது தெரியாது. ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் குழாய்க்கு மட்டும் தெரியும். சூடாக்கிய பாலிபுரோப்பிலீனிலிருந்து இந்த ஒளி வருவதை ஜி. இ. ஆஷ்பி 1961-இல் வெளியிட்டார். வேதி ஒளிர்வு என்ற இந்த முறை அதற்குப் பிறகு பாலிமர்களின் ஆயுளை ஆராயும் முக்கியமான வழிகளில் ஒன்றாகிவிட்டது.

இழுவிசைச் சோதனையில் வலிமை குறைந்திருப்பது தெரியும்போது பொருள் பெரும்பாலும் பாதி கெட்டிருக்கும். வேதி ஒளிர்வு அதற்கு வெகு முன்பே, சில மில்லிகிராம் மாதிரியிலேயே, உள்ளே எவ்வளவு பெராக்சைடு (ஆக்சிஜன் தாக்கியதால் உருவாகும் சேர்மம்) சேர்ந்திருக்கிறது, ஆக்சிஜனேற்றத் தடுப்பான் எவ்வளவு தாங்கும் என்று காட்டிவிடும். குமரி மாவட்டத்தில் களியக்காவிளை முதல் குலசேகரம் வரையுள்ள கல்லூரி ஆய்வகங்களும் சிறு ரப்பர், பிளாஸ்டிக் தொழிற்கூடங்களும் இதைத் தாங்களே அமைத்து நடத்த முடியும். கருவியைச் சேர்ப்பது இதில் எளிய பகுதி. மாதிரி வைக்காத வெற்றுத் தட்டு என்ன எண்ணிக்கை தருகிறது என்று அறிந்து, அதை அடக்கி, சரியாகக் கழிப்பதுதான் கடினமான வேலை. இந்த வழிகாட்டியில் ஒரு முக்கியப் பகுதி அதைப் பற்றித்தான்.

ஒளி எங்கிருந்து வருகிறது

ஆக்சிஜனேற்றத்தில் பெராக்சி ரேடிக்கல்கள் (ஆக்சிஜன் சேர்ந்த, எளிதில் வினைபுரியும் மூலக்கூற்றுத் துண்டுகள்) உருவாகின்றன. இரண்டு பெராக்சி ரேடிக்கல்கள் மோதி இணைந்து சிதையும்போது ஓர் ஆல்கஹால், ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு, ஒரு கீட்டோன் கிடைக்கின்றன. வேதியியலாளர் ரஸ்ஸல் 1957-இல் முன்வைத்த வழிமுறை இது. அந்தக் கீட்டோன்களில் மிகச் சில கிளர்ந்த நிலையில் பிறந்து, ஒளியை விட்டுத் தணிகின்றன. ஒளியின் உச்சம் நீல ஊதாப் பக்கம், ஏறத்தாழ 380 முதல் 450 நானோமீட்டர் வரை இருக்கும். கோடிக்கணக்கான வினைகளுக்கு ஒரு ஃபோட்டான் என்ற அளவில்தான் விளைச்சல். அதிலும் லென்சுக்கு வந்து சேர்வது ஒரு சிறு பங்கு. சேர்ந்ததில் ஏறத்தாழ நாலில் ஒன்றைத்தான் குழாய் பல்ஸாக மாற்றும்.

எல்லாப் பாலிமரும் ஒரே அளவு ஒளிராது. பாலிபுரோப்பிலீனும் நைலானும் நன்றாக ஒளிரும், பாலித்தீன் அதைவிட மிகவும் மங்கல். ஆகவே ஒரு பாலிமரின் எண்ணை இன்னொன்றோடு வைத்து 'இது அதிகம் கெட்டிருக்கிறது' என்று சொல்லக் கூடாது. ஒரே பாலிமர், ஒரே தடிமன், ஒரே நிறம் என்றால்தான் ஒப்பீடு.

கருவியின் உறுப்புகள்

ஒளியை உணர, பைஅல்கலி கேத்தோடு (ஒளி பட்டால் எலக்ட்ரானை விடும் பூச்சு) உள்ள, ஃபோட்டான் எண்ணுவதற்கென்றே தேர்ந்தெடுத்த 25 மி.மீ ஃபோட்டோமல்டிபிளையர் குழாய் வேண்டும். அதன் உணர்திறன் 400 நானோமீட்டர் அருகே உச்சத்தில் இருக்கும், நம் ஒளியும் அங்கேதான். சிவப்புப் பக்கம் உணர்திறன் நீட்டிய மல்டிஅல்கலி குழாயை வாங்காதீர்கள். அது அறை வெப்பத்திலேயே அதிக இருள் எண்ணிக்கை (ஒளியே இல்லாதபோதும் குழாய் தரும் எண்ணிக்கை) தரும், சூடான அடுப்பின் வெப்ப ஒளியையும் சேர்த்து எண்ணும். உயர் மின்னழுத்தம், பெருக்கி, பல்ஸ் பிரிப்பான் மூன்றும் உள்ளேயே அடங்கிய எண்ணும் தலை கிடைத்தால் அதையே எடுங்கள். தனிக் குழாய் என்றால் 800 முதல் 1100 வோல்ட் வழங்கி தேவை. மங்கலான, மாறாத ஒரு எல்.இ.டியைக் காட்டி, மின்னழுத்தத்தை 20 வோல்ட் படிகளில் ஏற்றி எண்ணிக்கையை வரைபடமாக்குங்கள். வரைகோடு சமதளமாகும் பகுதியின் நடுவில் இயக்குங்கள்.

குழாயைத் தொட்டடுத்து ஒரு ஷட்டர் அவசியம், இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. மின்னழுத்தம் இருக்கும்போது அறை வெளிச்சம் பட்டால் குழாய் நிரந்தரமாகக் கெடலாம். மின்னழுத்தம் இல்லாதபோது பட்டாலும் இருள் எண்ணிக்கை பல மணி நேரம் உயர்ந்தே நிற்கும்.

அடுப்புக்கு 40 மி.மீ விட்டம், 20 மி.மீ உயரமுள்ள அலுமினியக் கட்டை போதும். செம்பும் பித்தளையும் வேண்டாம், செம்பு ரப்பரின் ஆக்சிஜனேற்றத்தை முடுக்கிவிடும். 24 வோல்ட்டில் ஓடும் கார்ட்ரிட்ஜ் ஹீட்டர், நான்கு கம்பி பி.டி.100 வெப்ப உணரி, ஹீட்டரைத் தானாகச் சீராக்கும் பி.ஐ.டி கட்டுப்படுத்தி ஆகியவற்றைக் கொண்டு வெப்பநிலையை 0.1 °C-க்குள் நிறுத்துங்கள். இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், வினையின் கிளர்வு ஆற்றல் மோலுக்கு 100 கிலோஜூல் எனக் கொண்டால், 140 °C-இல் ஒரு டிகிரி தவறினாலே ஒளி 7 விழுக்காடு மாறிவிடும். மாதிரிக்கு மேலே குவார்ட்ஸ் ஜன்னல், அதற்கு மேலே லென்ஸ், பிறகு ஷட்டர், பிறகு குழாய். அடுப்பின் வெப்பம் குழாய்க்கு ஏறாமல் இடையில் டெஃப்லான் வளையமும் ஒரு நீர்க்குளிர் வளையமும் வையுங்கள்.

எண்ணும் தலையின் பல்ஸ் சுமார் 10 நானோநொடி அகலம்தான். மலிவான மைக்ரோகன்ட்ரோலர் பலகையின் உள்ளீட்டில் நேரே கொடுத்தால் பெரும்பாலானவற்றை அது பார்க்கவே பார்க்காது. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பலகைக்கு ஒரு துடிப்பே 62.5 நானோநொடி. முன்னால் வேகமான வகுப்பான் சிப் ஒன்றை வைத்து 16-ஆல் வகுத்துவிட்டு எண்ணுங்கள். இதைக் கவனிக்காமல் 'மாதிரி ஒளிரவில்லை' என்று முடிவுகட்டுவது எளிதில் நடக்கக் கூடியது.

வாயுவுக்கு உயர்தூய்மை ஆக்சிஜன் ஒன்று, நைட்ரஜன் ஒன்று. இரண்டையும் மாலிகுலர் சீவ் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்) நிரப்பிய குழாய் வழியே உலர்த்தி, நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டர் விடுங்கள். குழாய்வழி முழுக்கத் துருவேறா எஃகாக இருக்கட்டும். சிலிகோன் குழாய் ஆக்சிஜனைச் சுவர் வழியே உள்ளே விடும், நைட்ரஜன் அளவீடு முழுவதும் பொய்யாகிவிடும். ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ ஒரு துளியும் படக் கூடாது, தீப்பிடிக்கும்.

இருட்டைச் சரிபார்ப்பது

மாதிரி வைப்பதற்கு முன் மூன்று எண்களை எடுங்கள். முதலாவது, ஷட்டர் மூடிய நிலை. இது குழாயின் சொந்த இருள் எண்ணிக்கை. அறை வெப்பத்தில் நொடிக்குச் சில பத்துகள் முதல் நூறு வரை இருப்பது இயல்பு. இரண்டாவது, ஷட்டர் திறந்து, அடுப்பு குளிர்ந்து, தட்டு வெறுமையாக உள்ள நிலை. மூன்றாவது, அதே வெற்றுத் தட்டு, அளக்கப்போகும் வெப்பநிலையில், அளக்கப்போகும் வாயுவில்.

இரண்டாவது முதலாவதைவிட அதிகம் என்றால் ஒளிக்கசிவு இருக்கிறது, அல்லது உள்ளே ஏதோ ஒன்று முன்பு வாங்கிய வெளிச்சத்தை மெல்ல விட்டுக்கொண்டிருக்கிறது. அரை மணி நேரம் காத்திருங்கள். எண் குறைந்துகொண்டே வந்தால் இரண்டாவது காரணம். டெஃப்லான், காகிதம், வெள்ளைப் பெயின்ட் எல்லாம் இப்படிச் செய்யும். குறையவில்லை என்றால் கசிவு. அறையை இருட்டாக்கி, மங்கலான டார்ச்சை ஒவ்வொரு மூட்டிலும் காட்டிக்கொண்டே எண்ணைப் பாருங்கள். வாயுக்குழாய் நுழையும் துளையும் உணரிக் கம்பி நுழையும் துளையும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள். வாயுக்குழாயை இரண்டு முறை வளைத்து நுழைத்தால் ஒளி நேரே புக முடியாது.

மூன்றாவது எண் இரண்டாவதைவிட அதிகம் என்றால் அடுப்பிலேயே ஏதோ ஆக்சிஜனேற்றம் அடைகிறது: விரல் ரேகையின் எண்ணெய், புது அலுமினியத் தட்டில் ஒட்டியிருக்கும் உருட்டு எண்ணெய், முந்தைய ஓட்டத்தில் (அளவீட்டில்) கசிந்தது. சூடான பகுதிக்கு அருகே சாதாரண ரப்பர் ஓ-ரிங் இருந்தால் அதுவும் ஒளிரும். நாம் அளக்கிற பொருளும் அதுவும் ஒரே இனம்தானே. சூட்டுப் பக்கம் உலோக வளையம் அல்லது விட்டான் (வெப்பம் தாங்கும் ஃப்ளூரின் ரப்பர்) மட்டும் போடுங்கள். தட்டுகளை அசிட்டோனில் கழுவி, 300 °C-இல் அரை மணி நேரம் வறுத்து, கிடுக்கியால் மட்டும் எடுங்கள்.

இருளைக் குறைப்பதால் என்ன லாபம் என்று ஒரு கணக்கு. இருள் எண்ணிக்கை நொடிக்கு 50, மாதிரி கூடுதலாகத் தருவது 20 என்று கொள்வோம். 10 நொடி எண்ணினால் மாதிரியோடு 700, வெறுமையாக 500, வித்தியாசம் 200. பிழை என்பது இரண்டையும் கூட்டிய 1200-இன் வர்க்கமூலம், அதாவது 35. குழாயைக் குளிர்வித்து இருளை நொடிக்கு 5 ஆக்கினால் அதே 200-க்குப் பிழை 17. அறை வெப்பத்தை ஒட்டிய நிலையில் ஏறத்தாழ 5 முதல் 7 டிகிரி குறைந்தால் இருள் எண்ணிக்கை பாதியாகும். ஓர் எல்லைக்குக் கீழே இறங்காது. காஸ்மிக் கதிரும் குழாயின் கண்ணாடியிலுள்ள பொட்டாசியமும் தரும் பல்ஸ்கள் குளிரால் போவதில்லை.

குளிர்விப்பதில் நம் ஊருக்கு ஒரு தனி எச்சரிக்கை. இடவப்பாதி மழையிலும் (தென்மேற்குப் பருவம்) துலாமழையிலும் (வடகிழக்குப் பருவம்) குமரி மாவட்டக் காற்றின் ஈரம் கடுமையானது. குளிர்ந்த குழாயின் முகத்தில் பனித்துளி படிந்தால் ஒளி மங்கும், சாக்கெட்டில் ஈரம் ஏறினால் கசிவு மின்னோட்டம் பல்ஸாக எண்ணப்படும். கடற்கரைப் பக்கம் உப்பும் சேரும். குழாய்ப் பெட்டிக்குள் உலர்ந்த நைட்ரஜனை மெல்ல விட்டுக்கொண்டே இருங்கள், சாக்கெட் பக்கம் சிலிக்கா ஜெல் வையுங்கள். குளிர்விப்பை நிறுத்தினால், பெட்டி அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்காதீர்கள்.

மாதிரி தயாரிப்பு

ரெயின் கார்டு பாலித்தீன் 300 கேஜ் என்றால் 75 மைக்ரான், அப்படியே பயன்படுத்தலாம். மரத்தோடு ஒட்டும் ஓரத்தில் தார் கலந்த பசை இருக்கும், அதிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். வெயில் பட்ட பக்கமும் நிழல் பக்கமும் தனித்தனி மாதிரிகள், கலக்காதீர்கள். கறுப்புப் பாலித்தீனில் கார்பன் கறுப்பு ஒளியை உறிஞ்சிவிடும். மேல் சில மைக்ரானின் ஒளிதான் வெளியே வரும், ஆகவே அதை நிறமற்ற பாலித்தீனோடு ஒப்பிடவே முடியாது.

உரச்சாக்கு நாடா என்றால் 5 மில்லிகிராம் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஹாட் பிரஸ்ஸில் ஃபிலிமாக்கினால் அந்தச் சூடே ஒரு முறை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். வேறு வழியில்லை என்றால் எல்லா மாதிரிக்கும் ஒரே வெப்பநிலை, ஒரே நேரம்.

ரப்பர் ஷீட்டில்தான் அதிகக் கவனம் வேண்டும். புகைப்புரையில் உலர்ந்த ஷீட்டின் மேற்பரப்பில் புகையின் ஃபீனால் வகைப் பொருட்கள் படிந்திருக்கும். அவை பூஞ்சையைத் தடுப்பதோடு ஆக்சிஜனேற்றத்தையும் ஓரளவு தடுக்கும், பழுப்பு நிறத்தால் ஒளியையும் உறிஞ்சும். எனவே மேற்பரப்பும் உட்பகுதியும் வேறு வேறு விடை தரும். ஷீட்டைக் குறுக்கே வெட்டி, புதிய பிளேடால் நடுப்பகுதியிலிருந்து 0.2 முதல் 0.3 மி.மீ தடிமனில் சீவுங்கள். பிளேடு ஒட்டிக்கொண்டால் காய்ச்சி வடித்த நீர் ஒரு துளி போதும், சோப்பு வேண்டாம். வீட்டு ஃப்ரீசரில் வைத்து விறைக்கவைக்கலாம் என்று நினைக்காதீர்கள். இயற்கை ரப்பர் கண்ணாடி போல விறைப்பது சுமார் −65 °C-க்குக் கீழேதான். ஒட்டுப்பாலில் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிய பால்) மரப்பட்டையும் மண்ணும் கலந்திருக்கும். அதில் வரும் எண் ரப்பருடையதா அழுக்குடையதா என்று பிரிக்க முடியாது, தவிர்ப்பதே நல்லது.

வெட்டிய மாதிரியை 5 முதல் 8 மி.மீ வட்டமாகத் துளைத்து, 0.01 மில்லிகிராம் துல்லியத்தில் எடை போட்டு, இருட்டான பெட்டியில் குறைந்தது ஒரு மணி நேரம் வையுங்கள். ட்யூப்லைட் வெளிச்சம் பட்ட பாலிமர் பிறகும் நெடுநேரம் தானாக ஒளிவிடும், அது ஆக்சிஜனேற்றம் அல்ல. அடுப்பில் வைக்கும்போது அறையில் மங்கலான சிவப்பு எல்.இ.டி மட்டும் எரியட்டும், ஷட்டர் மூடியே இருக்கட்டும்.

தடிமன் சரிதானா என்று அறிய ஒரே பொருளில் இரண்டு தடிமன்களை ஓட்டிப் பாருங்கள். தடிமன் இரட்டித்தும் ஒளி இரட்டிக்கவில்லை என்றால், ஆக்சிஜன் உள்ளே போய்ச் சேரவில்லை, அல்லது ஒளி வெளியே வர முடியவில்லை. இரண்டுக்கும் மருந்து இன்னும் மெல்லியதாக்குவதே.

ஆக்சிஜனில் ஓட்டம்

ஆக்சிஜனேற்றத் தடுப்பான் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அறிய இந்த முறை. தொடக்க வெப்பநிலைகள்: பாலிபுரோப்பிலீனுக்கு 130 முதல் 150 °C, பச்சை (வல்கனைஸ் செய்யாத) ரப்பருக்கு 100 முதல் 130 °C, நைலான் 6-க்கு 130 முதல் 150 °C. தடுப்பான் சேர்த்த பாலித்தீனை உருகிய நிலையில் 180 °C அளவில் ஓட்டுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

1. அடுப்பை 40 °C-இல் நிறுத்தி மாதிரியை வைத்து மூடுங்கள். நைட்ரஜனை 50 மில்லிலிட்டர் வேகத்தில் 20 நிமிடம் விடுங்கள். அறையின் கொள்ளளவு 20 மில்லிலிட்டர் என்றால் காற்று சில நிமிடங்களிலேயே போய்விடும். பாலிமருக்குள் கரைந்த ஆக்சிஜன் வெளியேறத்தான் மீதி நேரம்.

2. ஷட்டரைத் திறந்து 5 நிமிடம் எண்ணுங்கள். இது இந்த ஓட்டத்தின் குளிர் அடிக்கோடு.

3. நைட்ரஜனிலேயே நிமிடத்துக்கு 10 °C ஏற்றி இலக்கை அடைந்து, 5 நிமிடம் நிலைக்கவிடுங்கள். இந்த ஏற்றத்தில் பழைய பெராக்சைடு கொஞ்சம் சிதைந்து ஒளிரும். பதிவில் வையுங்கள், அழிக்காதீர்கள்.

4. ஆக்சிஜனுக்கு மாற்றுங்கள். அந்தக் கணமே சுழிய நேரம். மாற்றியதும் ஒரு சிறு எழுச்சி வந்து தணியும். அதை ஆக்சிஜனேற்றத்தின் தொடக்கம் என்று எண்ணிவிடக் கூடாது.

5. 10 நொடிக்கு ஓர் எண் என்று பதிவு செய்து, உச்சம் கடந்து ஒளி இறங்கும்வரை விடுங்கள். பிறகு நைட்ரஜனுக்கு மாற்றிக் குளிரவிடுங்கள்.

கிடைக்கும் வரைகோடு முதலில் தட்டையாக ஓடி, பிறகு செங்குத்தாக ஏறி, உச்சம் தொட்டு இறங்கும். தட்டைப் பகுதியின் கோட்டையும், ஏற்றத்தின் மிகச் செங்குத்தான இடத்துத் தொடுகோட்டையும் நீட்டினால் இரண்டும் வெட்டும் நேரமே தாங்கும் காலம். அதோடு உச்ச அளவு, உச்ச நேரம், எடை, தடிமன், வாயு வேகம் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள்.

நைட்ரஜனில் ஓட்டம்

ஏற்கெனவே சேர்ந்த பெராக்சைடு எவ்வளவு என்று அறிய இது. நைட்ரஜனில் 40-இலிருந்து 200 °C வரை நிமிடத்துக்கு 5 °C ஏற்றுங்கள். வெற்றுத் தட்டின் எண்ணிக்கையை அதே வெப்பநிலையில் கழித்து, மீதியை ஓட்டத்தின் நேரம் முழுவதற்கும் கூட்டினால் மொத்த ஒளி கிடைக்கும். வெயிலில் கிடந்த ரெயின் கார்டையும் புதியதையும் ஒப்பிட இதுவே ஏற்றது. மொத்த ஒளி பெராக்சைடு அளவுக்கு நேர்விகிதம் என்று எடுத்துக்கொள்வதற்கு முன், சில மாதிரிகளில் அயோடின் டைட்ரேஷன் (பெராக்சைடை வேதிமுறையில் அளப்பது) செய்து, அந்தப் பொருளுக்கு உறவு நேர்கோடாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நைலானில் இந்த உறவை நம்பவே வேண்டாம், அங்கே ஒளிக்கும் பெராக்சைடுக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு நேரானதல்ல.

எண்கள் பொய் சொல்லும் இடங்கள்

எண்ணிக்கை மிக உயர்ந்தால் இரண்டு ஃபோட்டான்கள் ஒரே பல்ஸாகச் சேரும். உண்மை எண்ணிக்கையைப் பெற, கிடைத்ததை '1 கழித்தல் எண்ணிக்கை பெருக்கல் பிரிதிறன் நேரம்' என்பதால் வகுக்க வேண்டும். பிரிதிறன் நேரம் என்பது அடுத்தடுத்த இரண்டு பல்ஸ்களைத் தனித்தனியாக எண்ணத் தேவைப்படும் இடைவெளி. பிரிதிறன் 20 நானோநொடி, எண்ணிக்கை நொடிக்குப் பத்து லட்சம் என்றால் இழப்பு 2 விழுக்காடு. கோடியை நெருங்கினால் திருத்தத்தை நம்பாமல் மாதிரியைக் குறையுங்கள்.

ஒரே ஒரு புள்ளி மட்டும் குத்தென்று உயர்ந்தால் அது மின் இரைச்சல். ஹீட்டரை இயக்கும் ரிலே, பக்கத்து அறை மோட்டார், மலையடிவாரத்துக் கோடை இடி எல்லாம் இதைச் செய்யும். நேர்மின்சார ஹீட்டரும் ஒரே புள்ளி எர்த்திங்கும் பெரும்பகுதியைத் தீர்க்கும். இடி இறங்கும் மாலையில் நீண்ட ஓட்டம் தொடங்காதீர்கள். மின்தடைக்கு யு.பி.எஸ் கட்டாயம். பாதியில் நின்ற ஓட்டத்தை அதே மாதிரியில் தொடர முடியாது, அது இப்போது வேறு பொருள்.

இரண்டு மாதிரிகள் ஒரே பொருளாக இருந்தும் தாங்கும் காலம் வேறுபட்டால் உடனே கருவியைச் சந்தேகிக்காதீர்கள். பாலிபுரோப்பிலீனில் ஆக்சிஜனேற்றம் சீராகத் தொடங்குவதில்லை. வினையூக்கி எச்சமோ அழுக்கோ இருக்கும் ஒரு புள்ளியில் மூண்டு, சுற்றிலும் தொற்று போலப் பரவுகிறது. 5 மில்லிகிராமில் அப்படி ஒரு புள்ளி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் குறைந்தது மூன்று ஓட்டங்கள், வேறுவேறு இடங்களிலிருந்து வெட்டி.

உயர் வெப்பநிலை எண்ணிலிருந்து தோட்டத்து வெப்பநிலை ஆயுளைக் கணக்கிடும் ஆசை எல்லாருக்கும் வரும். 110, 120, 130, 140 °C என்று நான்கு இடங்களில் எடுத்து, காலத்தின் மடக்கையை கெல்வின் வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிரே வரைந்தால் ஒரு நேர்கோடு கிடைக்கலாம். அதை 35 °C வரை நீட்டுவது தவறு. இடையில் உருகுநிலை இருந்தால் கோடு உடையும், தடுப்பான் ஆவியாகிப் போகும் வேகமும் மாறும். மரத்தில் கட்டிய பாலித்தீனைக் கெடுப்பது வெப்பத்தைவிட வெயிலின் புற ஊதாக் கதிர். இந்த முறை எந்த ரகம் முந்தித் தோற்கும் என்று வரிசைப்படுத்தித் தரும், எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று ஆண்டுக்கணக்கு தராது.

ஒவ்வொரு நாளும் முதலில் வெற்றுத் தட்டு, அடுத்து ஓர் ஒப்புமை மாதிரி, அதன் பிறகே சோதனை மாதிரிகள். ஒப்புமைக்குத் தடுப்பான் சேர்க்காத பாலிபுரோப்பிலீன் தூளை ஒரே தொகுதியாக வாங்கி, சிறு பொட்டலங்களாக நைட்ரஜனில் மூடி ஃப்ரீசரில் வையுங்கள். அதன் உச்சம் வழக்கத்திலிருந்து 10 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் அன்றைய சோதனைகளை நிறுத்தி, முதலில் ஜன்னலைத் துடையுங்கள். ஆவியாகி வந்த தடுப்பானும் ரப்பர் பிசினும் குவார்ட்ஸின் அடிப்பக்கம் மஞ்சளாகப் படிந்திருக்கும். பெரும்பாலும் அதுவே காரணம். டொலுவினில் நனைத்த பஞ்சால் துடைத்து, அசிட்டோனில் அலசி, வெற்றுத் தட்டோடு ஒரு முறை 200 °C வரை ஓட்டிவிட்டு ஒப்புமை மாதிரியை மறுபடி வையுங்கள்.